செட்டில்டு ஸ்டேட்டஸை நாளைக்கு ஒரு நாடாளுமன்றம் பிடுங்கிவிட முடியுமா?

கேள்வி: ஐயா, நான் புதுச்சேரிக்காரன். தாத்தா காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்துக்கு பிரெஞ்சு குடியுரிமை. பாரீஸ் பக்கம் பல வருடம் வேலை பார்த்துவிட்டு 2013இல் லண்டன் வந்தேன். எனக்கு செட்டில்டு ஸ்டேட்டஸ், அதாவது இங்கே நிரந்தரமாக வாழும் உரிமை, இருக்கிறது. 2019 செப்டம்பரில் இங்கே படிக்க வந்த என் மகளுக்கு இன்னும் தற்காலிகமான ப்ரீ-செட்டில்டுதான். 2016இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாம், அதாவது பிரெக்சிட் என்று முடிவு சொன்ன பிறகும் 2020 வரை நாடாளுமன்றத்தில் சட்டத்துக்கு மேல் சட்டமாக இழுத்தது ஏன்? பிரதமர் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்காதா? என்னுடைய இந்த உரிமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கையில் ஒரு காகிதம்கூடக் கிடையாது. ஐஎல்ஆரையே, அதாவது வெளிநாட்டுக்காரர்களுக்குத் தரும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியையே, ஒழிப்போம் என்று ஒரு கட்சி பேசுகிறது. நாளைக்கு வேறு அரசு வந்து சட்டத்தை ரத்து செய்தால் நாங்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதானா? அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இரண்டு வருடம் புதுச்சேரியில் போய் இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கும் பயமாக இருக்கிறது.

பதில்: வணக்கம். கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. இரண்டு வருடம் புதுச்சேரியில் இருந்தால் உங்கள் செட்டில்டு ஸ்டேட்டஸ் போகாது. தொடர்ச்சியாக ஐந்து வருடத்துக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால்தான் போகும். இது உள்துறை அமைச்சகம் தன் இஷ்டத்துக்கு வைத்த கெடு இல்லை, பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் கையெழுத்திட்ட விலகல் உடன்படிக்கையின் 15ஆவது பிரிவிலேயே இருக்கிறது. தைரியமாகப் போய் அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி முதல் கேள்வி. பிரதமர் கையெழுத்துப் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்பதைத்தான் அன்றைய பிரதமர் தெரேசா மேயின் அரசும் சொன்னது. வெளிநாடுகளோடு ஒப்பந்தம் போடுவதும் அதிலிருந்து விலகுவதும் அரசியின் பெயரால் அரசு செய்கிற வேலை, அதற்கு நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். பொதுவாக அது சரியும்கூட. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் வெறும் ஒப்பந்தமாக நின்றுவிடவில்லை. 1973 ஜனவரி 1இல் பிரிட்டன் உள்ளே போவதற்காக, 1972இல் ஐரோப்பிய சமூகங்கள் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் இயற்றியது. அதன் 2ஆவது பிரிவு வழியாகத்தான் ஐரோப்பிய சட்டங்கள் அத்தனையும் இந்த நாட்டுச் சட்டமாக உள்ளே வந்தன. 2013இல் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, விசா எதுவும் இல்லாமல் நீங்கள் இங்கே வந்து வேலையில் சேர முடிந்ததும் அந்த வழியில் வந்த உரிமையால்தான். நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் திறந்த இந்த வழியை ஒரு பிரதமர் பிரஸ்ஸல்ஸுக்குக் கடிதம் எழுதி அடைத்துவிடலாமா?

ஜினா மில்லர் என்பவர் வழக்குப் போட்டார். 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னதும், ஒரு பெரிய நாளிதழ் அந்த மூன்று நீதிபதிகளின் படத்தை முதல் பக்கத்தில் போட்டு ‘மக்களின் எதிரிகள்’ என்று தலைப்பு வைத்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போக, உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். 2017 ஜனவரி 24 அன்று வந்த தீர்ப்பில் 8 பேர் மில்லர் பக்கம், 3 பேர் அரசின் பக்கம். அதன் சாரம்: நாடாளுமன்றம் கொடுத்ததை நாடாளுமன்றம்தான் எடுக்க முடியும். இதை மட்டும் மனதில் வையுங்கள், உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் இதிலிருந்துதான் வரப்போகிறது.

‘ஜனங்கள்தான் சொல்லிவிட்டார்களே’ என்பீர்கள். 2016 ஜூன் 23இல் 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பொதுவாக்கெடுப்பை நடத்தவென்று 2015இல் போட்ட சட்டத்தில், முடிவு வந்ததும் அரசு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அப்படி எழுதத் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் தேர்தல் முறையை மாற்றலாமா என்று 2011இல் நடந்த வாக்கெடுப்புக்கான சட்டத்தில், ஆம் என்று வந்தால் அமைச்சர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பிரெக்சிட்டுக்கு எழுதவில்லை. ஆகவே வாக்கெடுப்பு அரசியல்ரீதியாகப் பெரிய கட்டளைதான், சட்டரீதியாக ஒரு கருத்து. அதைச் சட்டமாக்கும் வேலை நாடாளுமன்றத்துக்குத்தான் வந்தது.

தீர்ப்பு வந்த இரண்டாம் நாளே மசோதா சபைக்கு வந்துவிட்டது. இரண்டே பிரிவுகள்: விலகும் எண்ணத்தைப் பிரதமர் தெரிவிக்கலாம் என்பது ஒன்று, சட்டத்தின் பெயர் மற்றொன்று. இந்தச் சின்ன மசோதாவில்தான் உங்களைப் போன்றவர்களுக்காக ஒரு பெரிய சண்டை நடந்தது, பலருக்கு இது தெரியாது. இங்கே ஏற்கெனவே வாழ்கிற ஐரோப்பியக் குடிமக்களின் உரிமையைக் காப்பாற்ற அரசு மூன்று மாதத்துக்குள் திட்டம் கொண்டுவர வேண்டும் என்று மேல்சபையான பிரபுக்கள் சபை ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. 2017 மார்ச் 1, ஆதரவு 358, எதிர்ப்பு 256. மார்ச் 13இல் கீழ்சபையான காமன்ஸ் சபை அதை 335க்கு 287 என்று தள்ளிவிட்டது, அன்றைக்கே பிரபுக்களும் விட்டுக்கொடுத்தார்கள். ஐரோப்பாவில் வாழும் பிரிட்டிஷ்காரர்களின் உரிமையை அந்த நாடுகள் உறுதி செய்யட்டும், அதுவரை நாம் முதலில் கையைத் திறக்கக் கூடாது என்பது அரசின் கணக்கு. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் வீடும் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பேரத்தில் ஒரு சீட்டாக வைக்கப்பட்டன. அது தவறு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்த ஒரு திருத்தத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் பல குடும்பங்கள் இரண்டு மூன்று வருடம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டாம்.

மார்ச் 16இல் அரச ஒப்புதல், 29இல் விலகல் கடிதம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போனது, இரண்டு வருடக் கெடு ஓடத் தொடங்கியது. அடுத்து 2018இன் விலகல் சட்டம். இது ஏன் தேவைப்பட்டது என்றால், 1972 சட்டத்தை ரத்து செய்த மறுநிமிடம் அதன் வழியாக வந்த எல்லாமே விழுந்துவிடும்: சாப்பாட்டுப் பொட்டலத்தில் என்ன அச்சிட வேண்டும், லாரி டிரைவர் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வெடுக்க வேண்டும், எந்த ரசாயனத்தை விற்கலாம் என்பது வரை. அதனால் அத்தனையையும் அப்படியே நகலெடுத்து உள்நாட்டுச் சட்டமாக வைத்துக்கொண்டு, பொருந்தாத இடங்களை அமைச்சர்களே உத்தரவு போட்டுத் திருத்திக்கொள்ள அதிகாரம் கொடுத்தார்கள். எம்.பி.க்கள் இதை வெறுமனே விடவில்லை. ஆளுங்கட்சிக்காரரான டொமினிக் கிரீவ் கொண்டுவந்த ஒரு திருத்தம் 2017 டிசம்பர் 13இல் 309க்கு 305 என்று நிறைவேறியது. விலகல் உடன்படிக்கையைச் செயல்படுத்துவதற்கு முன்னால் அதற்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்பது அதன் பொருள். நான்கு ஓட்டு வித்தியாசம்தான், ஆனால் அடுத்த இரண்டு வருட அரசியல் இதன் நிழலில்தான் நடந்தது.

தெரேசா மே கொண்டுவந்த உடன்படிக்கையை சபை மூன்று முறை நிராகரித்தது. 2019 ஜனவரி 15இல் 432க்கு 202, மார்ச் 12இல் 391க்கு 242, மார்ச் 29இல் 344க்கு 286. அந்த நாட்களில் சபை எவ்வளவு சமமாகப் பிளந்து கிடந்தது என்று பார்க்க ஏப்ரல் 3ஆம் தேதி ஒன்று போதும். அங்கே ஓட்டுப் போடுவதென்றால் எம்.பி.க்கள் எழுந்து, ஆதரவுக்கு ஒரு நடைக்கூடம் எதிர்ப்புக்கு இன்னொன்று என்று நடந்து போக வேண்டும், வாசலில் தலை எண்ணுவார்கள். அன்று ஒரு ஓட்டெடுப்பில் 310க்கு 310 என்று சமமாகிவிட்டது, 1993க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. சபாநாயகர் பெர்கோ வழக்கப்படி எதிர்ப்பின் பக்கம் தன் ஓட்டைப் போட்டு முடித்தார். அதே இரவு, ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறுவதைத் தடுக்கக் கூடுதல் அவகாசம் கேட்கச் சொல்லும் மசோதா 313க்கு 312 என்று நிறைவேறியது. ஒரே ஓட்டு. ஒரு எம்.பி.க்கு அன்று காய்ச்சல் வந்திருந்தால்கூடக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

பிறகு போரிஸ் ஜான்சன் பிரதமரானார். ஒப்பந்தம் இல்லையென்றால் அவகாசம் கேட்டே ஆக வேண்டும் என்று செப்டம்பரில் இன்னொரு சட்டம் வந்தது, எதிர்க்கட்சி எம்.பி. ஹிலாரி பென் கொண்டுவந்தது. அந்தச் சமயத்தில் ஐந்து வாரம் நாடாளுமன்றத்தை முடக்க ஜான்சன் ராணிக்குச் சொன்ன ஆலோசனையே சட்டவிரோதம் என்று 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அக்டோபர் 22இல் அவருடைய புதிய விலகல் மசோதாவை 329க்கு 299 என்று சபை கொள்கையளவில் ஏற்றது, ஆனால் அதை மூன்றே நாளில் முடிக்கும் கால அட்டவணையை அடுத்த சில நிமிடங்களிலேயே 322க்கு 308 என்று தள்ளியது. இதை இழுத்தடிப்பு என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூறு பக்கத்துக்கும் மேலான சட்டம், அதில்தான் உங்கள் உரிமையும் அடக்கம். அதை மூன்று நாளில் படித்து முடி என்பதை எந்த வக்கீலும் ஒத்துக்கொள்ள மாட்டார். டிசம்பர் 12 தேர்தலில் 80 பெரும்பான்மையோடு ஜான்சன் திரும்பி வந்ததும் முடிச்சு அவிழ்ந்தது, 2020 ஜனவரி 23இல் விலகல் உடன்படிக்கைச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, 31ஆம் தேதி இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியேறியது.

இப்போது உங்கள் உரிமை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். விலகல் உடன்படிக்கையின் இரண்டாம் பாகம் முழுக்கக் குடிமக்கள் உரிமைதான். ஆனால் பிரிட்டனில் ஒரு சர்வதேச ஒப்பந்தம் தானாகச் சட்டமாகிவிடாது, நாடாளுமன்றம் அதை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையை 2020 சட்டம் செய்தது: 2018 சட்டத்துக்குள் 7ஏ என்று ஒரு புதிய பிரிவைச் செருகியது. உடன்படிக்கையில் உள்ள உரிமைகள் நேரடியாகச் செல்லும், மற்ற சட்டங்களை எல்லாம் அதற்கு உட்பட்டே படிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. இது எவ்வளவு பலமானது என்பதற்கு 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு சாட்சி. வட அயர்லாந்து தொடர்பான வழக்கு. 1800இன் இணைப்புச் சட்டத்தோடு விலகல் உடன்படிக்கை மோதுகிறது என்று வாதாடினார்கள். அந்த 1800 சட்டம் இந்த நாட்டையே கட்டி வைத்த சட்டங்களில் ஒன்று. அதுகூட 7ஏ வழியாக வந்ததற்கு இடம் கொடுக்க வேண்டும் என்றுதான் நீதிமன்றம் சொன்னது.

காகிதம் இல்லை என்ற உங்கள் கவலை நியாயமானது, நீங்கள் ஒருவர் மட்டும் படுவதும் இல்லை. 2020 ஜனவரி 20இல் பிரபுக்கள் சபை இதற்காகவே ஒரு திருத்தம் போட்டது, ஸ்டேட்டஸ் உள்ளவர்களுக்குக் கையில் பிடிக்கிற மாதிரி ஓர் ஆவணம் கொடுங்கள் என்று. 270க்கு 229. இரண்டு நாளில் காமன்ஸ் அதைத் தள்ளிவிட்டது. அதனால்தான் இன்றும் எல்லாம் ஆன்லைனில். வேலை கொடுப்பவர் கேட்டால் உள்துறை அமைச்சகத்தின் யூகேவிஐ ஆன்லைன் கணக்கில் போய், ஸ்டேட்டஸைச் சரிபார்க்க உதவும் ஷேர் கோடு எடுத்துக் கொடுக்க வேண்டும், ஒன்பது எழுத்து, 90 நாள் செல்லும், வேலைக்கானது டபிள்யூவில் தொடங்கும், வீட்டு வாடகைக்கானது ஆரில் தொடங்கும். வாடகைக்குரியதை வேலை இடத்தில் கொடுத்துவிட்டு செல்லவில்லை என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, இதுதான் நடைமுறையில் அதிகம் தொந்தரவு தருவது: பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புது எண்ணை அந்தக் கணக்கில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் புதுச்சேரி போனால், திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் ஏர்லைன்ஸ்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ‘உங்களுக்கு அனுமதி காட்டவில்லையே’ என்று நிறுத்தி வைப்பார். உரிமை உங்களிடம் இருக்கும், போர்டிங் பாஸ் இருக்காது. கிளம்புவதற்கு முன் பாஸ்போர்ட், கைபேசி எண், மின்னஞ்சல் மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்த அரசு ரத்து செய்ய முடியுமா? நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், முடியும். நாடாளுமன்றத்துக்கு மேல் இங்கே எதுவும் இல்லை, அதே 2020 சட்டத்தின் 38ஆவது பிரிவே இதை ஞாபகப்படுத்தி வைத்திருக்கிறது. ஆனால் எப்படி முடியும் என்பதில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது. ஐஎல்ஆரை ஒழிப்போம் என்று 2025 செப்டம்பரில் ரிஃபார்ம் யூகே கட்சி அறிவித்ததைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரண ஐஎல்ஆர் உள்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தையும் விதிகளையும் மட்டுமே நம்பி நிற்பது. செட்டில்டு ஸ்டேட்டஸும் வகையில் ஒருவிதமான ஐஎல்ஆர்தான், ஆனால் அதற்குப் பின்னால் 27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தோடு போட்ட உடன்படிக்கை இருக்கிறது. ஓர் அமைச்சர் விதியை மாற்றி அதைத் தொட முடியாது. நாடாளுமன்றம் வெளிப்படையாகச் சட்டம் போட்டு 7ஏ பிரிவை உடைக்க வேண்டும். உடைத்தாலும் சர்வதேச அளவில் உடன்படிக்கை மீறல் மீறலாகவே நிற்கும், பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் வாழும் பிரிட்டிஷ்காரர்களின் உரிமையும் அதே உடன்படிக்கையில்தான் இருக்கிறது என்பதை எந்த அரசும் மறக்க முடியாது.

இதை ஒரு தடவை முயன்றும் பார்த்தார்கள். 2020 செப்டம்பரில் உள்நாட்டுச் சந்தை மசோதாவில், வட அயர்லாந்து விஷயத்தில் உடன்படிக்கையை மீறும் பிரிவுகளைச் சேர்த்தார்கள். இது சர்வதேசச் சட்டத்தை ‘குறிப்பிட்ட, வரையறுக்கப்பட்ட அளவில்’ மீறுகிறது என்று அமைச்சர் பிராண்டன் லூயிஸ் சபையிலேயே ஒப்புக்கொண்டார். அரசின் சட்டத்துறைத் தலைமை அதிகாரி சர் ஜொனாதன் ஜோன்ஸ் பதவி விலகினார். பிரபுக்கள் சபை 433க்கு 165 என்று அந்தப் பிரிவுகளை வெட்டியது, டிசம்பரில் அரசே அவற்றைக் கைவிட்டது. 80 பெரும்பான்மை வைத்திருந்த அரசு அது.

உங்கள் பிரெஞ்சு குடியுரிமையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தத்தில், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரராகவே இருக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. தாத்தா அன்றைக்கு எழுதிக் கொடுத்தது இன்று வரை செல்லுகிறது. ஒப்பந்தத்தில் ஏறிய உரிமை லேசில் கலைவதில்லை.

ஒரு தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குடிமக்கள் உரிமை வழக்குகளில் பிரிட்டிஷ் நீதிமன்றம் லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்கலாம் என்ற ஏற்பாடு, 2028 இறுதிக்குள் தொடங்கும் வழக்குகளுக்குத்தான். அதற்குப் பிறகும் உங்கள் உரிமை அப்படியே இருக்கும், விளக்கம் சொல்வது மட்டும் முழுக்க இங்கத்திய நீதிமன்றங்களின் கையில். இதெல்லாமே வேண்டாம், ஒரேயடியாக நிம்மதி வேண்டும் என்றால் பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை புதுச்சேரிப் பயணத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், ஏனென்றால் குடியுரிமைக்கு வெளிநாட்டில் இருந்த நாட்களை மிகக் கறாராக எண்ணுவார்கள், இரண்டு வருடம் போய்விட்டு வந்தால் புதிதாகக் காத்திருக்க வேண்டி வரும்.

உண்மையில் அவசரம் உங்கள் மகளுக்குத்தான். ப்ரீ-செட்டில்டு காலாவதியானால் உரிமையே போய்விடும் என்றுதான் உள்துறை அமைச்சகம் முதலில் வைத்திருந்தது. 2020 சட்டமே உருவாக்கிய சுயேச்சைக் கண்காணிப்பு ஆணையம் அதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2022 டிசம்பரில் ஜெயித்தது. மறுபடி விண்ணப்பிக்கவில்லை என்பதற்காக ஒருவரின் வசிப்புரிமையைப் பறிக்க முடியாது என்பது தீர்ப்பு. அதன் பிறகுதான் ப்ரீ-செட்டில்டைத் தானாகவே நீட்டிக்கிறார்கள், சிலருக்கு வரிப் பதிவுகளைப் பார்த்துத் தானாக செட்டில்டு ஆக்கியும் கொடுக்கிறார்கள். அதை நம்பி உங்கள் மகள் உட்கார்ந்திருக்கக் கூடாது. மாணவியாக இருந்த வருடங்களுக்கு வரிப் பதிவு இருக்காது, கம்ப்யூட்டர் கண்ணில் அவர் படவே மாட்டார்.

அவர் ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டார், விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. கொரோனா சமயத்தில் பாரீஸ் போய் மாதக்கணக்கில் இருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தாலும் பரவாயில்லை: 2025 ஜூலையில் மாற்றிய விதிப்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 60 மாதங்களில் மொத்தம் 30 மாதம் இங்கே இருந்திருந்தால் போதும். பல்கலைக்கழகத்திலிருந்து சேர்ந்த தேதியும் முடித்த தேதியும் போட்ட கடிதம், கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) விலக்குக் கடிதங்கள், கடைச் செலவு தெரிகிற வங்கி அறிக்கைகள், வேலைக்குப் போகிறார் என்றால் வருடச் சம்பளமும் வரியும் காட்டும் பி60. இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு இந்த வாரமே உட்கார்ந்து அனுப்பச் சொல்லுங்கள். விண்ணப்பித்ததும் ஒரு சான்று மின்னஞ்சலில் வரும், அதை அழிக்க வேண்டாம்; முடிவு வரும் வரை வேலை இடத்தில் யாராவது கேட்டால் அவரும் யூகேவிஐ கணக்கிலிருந்து ஷேர் கோடுதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.